பதினோரு மடியில் ஒரு புத்தகம்

சுருளியம்மாளைப் புதிதாகச் சந்திப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே, மேகம் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஒரு தேயிலை எஸ்டேட் டிவிஷனில் கொழுந்து எடுக்கிறவள். எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் ஆயா வேலை காலியாகப் போகிறது, பத்து பாஸாகியிருந்தால் போதும் என்று காதில் விழுந்ததும், நாற்பத்து நான்கு வயதில் பெரியவர்களுக்கான பத்தாம் வகுப்பில் போய் உட்கார்ந்தவள். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டாள். கணக்கில் மட்டும் இரண்டு தடவை குப்புற விழுந்தாள். அடுத்த மாதம் மூன்றாவது தடவை.

வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு, போன வாரம் எங்கே விட்டோம் என்பது ஞாபகம் இருக்கும். கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஜெசி மேடம், வகுப்பில் இருக்கும் பதினோரு பெண்களிடமும் சொல்லிவிட்டுப் போனார். உங்களுக்கென்று உதவி வந்திருக்கிறது. வகுப்புக்குப் பொதுவாக ஒரு லேப்டாப் வேண்டுமா, கையகலத்தில் புத்தகம் படிக்கிற இ-ரீடர் வேண்டுமா, இல்லை ஆளுக்கொரு அச்சுப் புத்தகம் போதுமா? மூன்றில் ஒன்றுதான். சனிக்கிழமை வருவேன், கை தூக்கிச் சொல்லுங்கள்.

சாதாரண விஷயம்தான். ஆனால் லேப்டாப் என்று முடிவானால் அதைப் பார்த்துக்கொள்ள உள்ளூரிலேயே ஒரு பெண்ணை வேலைக்கு வைப்போம் என்று லேப்டாப்பும் இ-ரீடரும் விற்கிற கம்பெனிக்காரன் ஜோஜோ சொல்லியிருக்கிறான். அந்தப் பெண் சுருளியம்மாளின் ஒரே மகள் வினோ. பி.காம். முடித்தவள். வேலை பார்த்த ரிசார்ட்டை மழைக்கு மூடிவிட்டார்கள். இந்த வேலையும் இல்லையென்றால் மாதக் கடைசியில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவதாக முடிவு கட்டிவிட்டாள்.

சுருளியம்மாளும் ஒரு முடிவு கட்டினாள். அதைத்தான் சனிக்கிழமை காலையில் கொழுந்துக் காட்டில் அரங்கேற்றினாள்.

மழை விட்டிருந்தது. வகுப்புப் பெண்கள் பதினோரு பேரும் கங்காணியிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரே பக்கமாக வரிசை வாங்கியிருந்தார்கள். இடுப்பில் ஈரம் படாமல் சுற்றிய படங்குச் சாக்கு, கையில் கொழுந்து வெட்டும் கத்தரி.

"நல்லாக் கேட்டுக்கங்கடி. மேடம் வந்து எது வேணும்னு கேப்பாக. லேப்டாப்புங்கிற பேரு காதுல விழுந்த ஒடனே கை மேல போயிரணும். யோசிக்கிற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கக் கூடாது" என்றாள் சுருளியம்மாள்.

கத்தரீனாள் கத்தரியை நிறுத்தினாள். "எனக்குப் புத்தகம்தான் வேணும் சுருளி. அந்தப் பொட்டியத் தொறக்கவே எனக்குத் தெரியாது."

"தெரியாட்டி என்ன? எம்மக தொறப்பா. அதுக்குத்தான அவளுக்கு வேல."

"அவ தொறந்து வைப்பா. கணக்க யாரு போடுவா?"

சுருளியம்மாள் இரண்டு செடிக்குக் கொழுந்து வெட்டினாள்.

கூட்டத்தில் மூத்தவளான செல்லாத்தாள் விடவில்லை. "ரெண்டு தடவ தோத்தவ நீ. புத்தகம் இல்லாம மூணாந்தடவையும் தோத்தா?"

"தோத்தா தோத்துட்டுப் போறேன் மதினி. பரீட்சை எங்கிட்டும் ஓடிப் போகாது. புள்ள போயிட்டா?"

கற்பகம்தான் முதலில் வாயைத் திறந்தாள். "எம்மவ போயி ரெண்டு வருசமாச்சு. தீவாளிக்குத் தீவாளி வாரா. வந்தாலும் போனத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. நான் தூக்குறேன் அக்கா" என்று அங்கேயே கையைத் தூக்கிக் காட்டினாள்.

"கத்தரியக் கீழ வச்சிட்டுத் தூக்குடி. மேடம் பயந்துருவாக."

சிரிப்போடு சிரிப்பாகத் தீர்மானம் நிறைவேறியது. கத்தரீனாள் மட்டும் சிரிக்காமல், சரி என்று தலையை ஆட்டினாள்.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பதினோரு பெண்களின் மடியிலும், பால் கவருக்குள் மடித்து, ஆளுக்கு ஒரு கணக்குப் பாடம் இருந்தது. நகல் இல்லை, அசல். வகுப்புக்கு வந்த தமிழ்க் கணக்குப் புத்தகம் ஒன்றே ஒன்று. மற்றவை பின்னால் வரும் என்றார்கள், வரவில்லை. ஜெராக்ஸ் எடுக்க மூணாறுக்கு அனுப்பப்பட்ட கற்பகம், கடை பூட்டியிருந்ததால் ஒரு சேலை எடுத்துக்கொண்டு திரும்பினாள். போனில் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வீட்டுக்கு ஒரு போன், அது வீட்டுக்காரர் சட்டைப் பையில். டவர் கிடைப்பதோ கோயில் வளைவில்.

அதனால் ஒருநாள் சுருளியம்மாள் அந்தப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், "தாயே மன்னிச்சுக்க" என்றாள், அரிவாள்மணையில் வைத்துத் தைத்த இடத்தைப் பிரித்தாள். பாடத்துக்கு ஒரு துண்டு, ஆளுக்கு ஒரு பாடம். கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும் நேரம், டீ குடிக்கும் நேரம், மழைக்கு ஒதுங்கும் நேரம் எல்லாம் படிப்பு நேரம். சனிக்கிழமை நிறுவை முடிந்ததும் பாடம் மாற்றிக்கொள்வார்கள்.

அரசாங்கப் புத்தகத்தைப் பிய்த்தது வெளியே தெரிந்தால் வகுப்பையே மூடிவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. வினோவுக்குக்கூடத் தெரியாது. புத்தகத்தின் அட்டை மட்டும் வீட்டு அலமாரியில், உள்ளே பழைய காலண்டர் தாள்களோடு, உத்தமமாக உட்கார்ந்திருந்தது.

அதே நேரத்தில் லயத்தில், அதாவது வரிசை வீடுகளில் அவர்களுடைய வீட்டில், வினோ மூன்றாவது சுடிதாரை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நான்கு நாளாக ஜோஜோ கொடுத்த லேப்டாப்போடு மல்லுக்கட்டி அவளே படங்கள் செய்திருந்தாள். திரையில் ஒரு தராசு. ஒரு தட்டில் கொழுந்துச் சாக்கு, மறு தட்டில் எடைக்கல். ஒரு பக்கம் எடுத்தால் மறு பக்கமும் எடுக்க வேண்டும், இல்லையென்றால் தராசு சாயும். சமன்பாடு என்று அம்மாவுக்குத் தொண்டையில் சிக்கிய வார்த்தை இப்படிப் படமாக அசைவதைப் பார்க்கும்போது அவளுக்கே பெருமையாக இருந்தது. வேலைக்காக மட்டும் இல்லை, இதைப் பார்த்தால் அம்மா இந்த முறை பாஸாகிவிடுவாள் என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

அப்பா மாரீஸ்வரன் பாக்டரியில் இராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவர், தூங்காமல் கட்டிலில் சாய்ந்து இ-ரீடரைப் படித்துக்கொண்டிருந்தார். மாதிரிக்கு என்று பாடப் புத்தகங்களை ஏற்றி ஜோஜோ ஒரு வாரம் விட்டுப்போன சாமான் அது. தினத்தந்திகூட ஓசியில் தலைப்பு மட்டும் பார்க்கிற மனுஷன், அதைக் கையில் எடுத்த நாளிலிருந்து கீழே வைக்கவில்லை.

"ப்பா, அதக் குடுங்க. பெட்டியில வைக்கணும்."

"இருத்தா. சரித்திரத்துல ஒரு சண்டை நடந்துக்கிட்டு இருக்கு. யாரு ஜெயிக்கான்னு பாத்துட்டுத் தாரேன்."

"பரீட்சை எழுதப் போறது அம்மா. நீங்க இல்ல."

"அதனால என்ன? கண்ணு வலிக்கல, சார்ஜும் எறங்கல. ஒன் லேப்டாப்பு கரண்டு போனா என்ன செய்யும்? இங்க மழ பேஞ்சா மரம் விழுது, மரம் விழுந்தா கரண்டு போகுது. பவர் ஹவுஸு வச்சுக் கரண்டு பொறக்கிற ஊருக்கு மேல குடியிருக்கோம், வெளக்கு மட்டும் நமக்கு இல்ல." மாரீஸ்வரன் எழுந்து உட்கார்ந்தார். "நானும் மீட்டிங்குக்கு வாரேன். இதுக்கு ஒரு ஆளாவது பேசணும்."

"நீங்க யாருப்பா பேச?"

"வாசகன்" என்றார் மாரீஸ்வரன், சட்டையை மாட்டிக்கொண்டே.

மூன்று மணிக்கு, வாராவாரம் வகுப்பு நடக்கிற எஸ்டேட் லேபர் கிளப்பில் கூட்டம். ஜெசி மேடத்தின் ஜீப் சேற்றில் இரண்டு முறை வழுக்கி வந்து நின்றது. வீட்டில் மலையாளம் பேசி, மறையூரில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பழகியவர். இரண்டையும் கலந்து, கோபம் வந்தால் சுத்த மலையாளத்தில் பேசுவார். பதினோரு பெண்களும் முகம் கழுவி, பூ வைத்து, பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். ஜோஜோ பெட்டியை மேசைமேல் வைத்தான்.

"சரி" என்றார் மேடம். "நமக்கு முன்னால மூணு இருக்கு. ஒண்ணு, லேப்டாப்..."

பதினோரு கைகள் சடாரென்று மேலே போயின.

மேடம் பெட்டியைப் பார்த்தார். அது இன்னும் திறக்கப்படவே இல்லை. "காட்டவே இல்லையே. அதுக்குள்ள எந்தா? கையை இறக்குங்க."

ஒரு கையும் இறங்கவில்லை. கற்பகம் மெதுவாகச் சுருளியம்மாளிடம், "எறக்கச் சொல்லி நீ சொல்லலயே அக்கா" என்றாள். அந்த ஹாலில் முணுமுணுப்பு எதுவும் முணுமுணுப்பாக நிற்காது. எல்லோருக்கும் கேட்டது.

வினோவின் காது சூடாகிவிட்டது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா கிளப்பின் கூரைத் தகரத்தை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு நாள் உழைத்துச் செய்த படத்தை ஒருத்தரும் பார்க்காமலே ஜெயித்தாகிவிட்டது. அழுகை வந்தது அவளுக்கு.

"மேடம், எனக்கு ஒரு வார்த்தை" என்று பின்னாலிருந்து எழுந்தார் மாரீஸ்வரன்.

"சேட்டன் படிக்கிற ஆளா?"

"இல்ல மேடம். ஆனா இத நான் படிச்சேன். ரொம்ப நல்லாருக்கு." இ-ரீடரை இரண்டு கையாலும் நீட்டினார்.

மேடம் வாங்கிப் பார்த்தார். ஒரு பக்கம் தள்ளினார், இன்னொரு பக்கம் தள்ளினார், சிரிக்க ஆரம்பித்தார். "ஜோஜோ, இது தமிழ்நாட்டுப் புத்தகமல்லே? இவங்க எழுதறது கேரளப் பரீட்சை."

ஜோஜோ தலையைச் சொறிந்தான். "தமிழ் மீடியம்னு சொன்னாங்க மேடம். ஆபீஸ்ல தமிழ்னு போட்டுத் தேடியிருக்காங்க. இதுதான் கிடைச்சிருக்கு."

"அதான் பாத்தேன்" என்றார் மாரீஸ்வரன், ஒரு பெரிய சந்தேகம் தீர்ந்தவராக. "பூகோளம் முழுக்கத் தேடுறேன், எங்கிட்டும் நம்ம இடுக்கி ஜில்லாவக் காணோம்."

கிளப்பே சிரித்தது. தமிழ் பேசினால் மலைக்கு அந்தப் பக்கத்து ஆள் என்று எண்ணிவிடுவது இங்கே ரேஷன் கடையிலிருந்து எல்லா இடத்திலும் நடக்கிற கூத்துதான். இ-ரீடர் பெட்டிக்குள் போயிற்று. மாரீஸ்வரன் அது போன திசையையே பார்த்தபடி உட்கார்ந்தார்.

"இனி நீ காட்டு மோளே" என்றார் மேடம்.

வினோ லேப்டாப்பைத் திறந்தாள். தராசு அசைந்ததும் தன்னையே மறந்துபோனாள். கொழுந்துச் சாக்குகள் ஏறின, இறங்கின. "இந்தச் சாக்குல எம்புட்டு இருக்குன்னு தெரியாது. தெரியாததுக்கு ஒரு பேரு வைக்கிறோம், அம்புட்டுத்தான். இந்தப் பக்கம் ரெண்டு கிலோ எடுத்தா அந்தப் பக்கமும் எடுக்கணும். இல்லாட்டி கங்காணி சண்டைக்கு வருவார்ல?" பெண்கள் பெஞ்சை விட்டு எழுந்து திரையைச் சுற்றி நின்றார்கள். "ஆத்தி, இதான் அதுவா?" என்றாள் கத்தரீனாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து வினோ இன்னொரு சாக்கையும் ஏற்றிக் காட்டினாள். ஜெயித்துவிட்டோம், நியாயமாகவே ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

"கொள்ளாம்" என்று பாராட்டினார் மேடம். "இனி சுருளியம்மா வந்து ஒரு கணக்குச் செய்யட்டும்."

சுருளியம்மாள் வந்தாள். சேலையில் விரலை மூன்று தடவை துடைத்துவிட்டு, மகள் காட்டிய டச்பேடில் வைத்துத் தேய்த்தாள். திரையில் அம்பு நகரவில்லை. அழுத்தினாள். நகரவில்லை. இருபத்தைந்து வருடக் கொழுந்துக் கறையும் கத்தரிக் காய்ப்பும் ஏறிய விரல், அந்தப் பலகைக்கு அது விரலாகவே தெரியவில்லை போலிருக்கிறது.

"மவுஸ் வச்சாப் போதும் மேடம். அதுக்கெல்லாம் வழி இருக்கு" என்று ஜோஜோ முந்திக்கொண்டான்.

"சரி, வாயால சொல்லட்டும்." மேடம் திரையில் இருந்த கணக்கைப் படித்தார். மூன்று சாக்கும் நான்கு கிலோவும் சேர்ந்தால் எழுபத்து ஒன்பது. ஒரு சாக்கு எவ்வளவு?

சுருளியம்மாளுக்குச் சற்று முன்னே படத்தில் பார்த்தது எல்லாம் ஓடிப்போயிற்று. கண்ணை மூடினாள், திறந்தாள். அவள் திணறினால் செல்லாத்தாளுக்குத் தாங்காது. காட்டில் தினமும் செய்கிற வேலையைப் பழக்க தோஷத்தில் இங்கேயும் செய்தாள். மடியில் கையை விட்டு, பால் கவரை எடுத்து, "இந்தா சுருளி, சமன்பாடு இந்த வாரம் எங்கிட்டத்தான் இருக்கு" என்று நீட்டிவிட்டாள்.

சுருளியம்மாளும் வாங்கிவிட்டாள். பக்கத்தைப் பிரித்து, உதடு அசைய நான்கு வரி படித்து, விரலால் உள்ளங்கையில் எழுதினாள். "நாலக் கழிச்சா எழுபத்தஞ்சு. மூணால வகுத்தா... இருபத்தஞ்சு. இருபத்தஞ்சு கிலோ மேடம்."

சரியான விடை. ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. மேடத்தின் கண் அந்தத் தாளில் இருந்த அரசாங்க முத்திரைமேல் நின்றிருந்தது.

"எந்தா இது? ஆரு கீறியது?"

வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. செல்லாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாந்தான் பிரிச்சேன் மேடம். மத்தவுகளுக்குத் தெரியாது" என்றாள் சுருளியம்மாள்.

மேடம் மலையாளத்தில் பொரிந்து தள்ளினார். ஒரு புத்தகம் அச்சடித்து இந்த மலைக்கு மேலே வந்து சேர எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று தெரியுமா? பிள்ளைகள்கூடச் செய்யாத வேலை இது. மூச்சு வாங்கிக்கொண்டு தமிழுக்கு வந்தார். "புத்தகத்தைக் கொடுத்தா இதுதான் செய்வீங்க. இனி பேச்சில்ல. லேப்டாப். அதை ஆரும் கீற முடியாது."

ஜோஜோ வினோவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான்.

சுருளியம்மாள் திட்டு வாங்கியவளாகத் தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளே துள்ளிக் குதித்தாள். திட்டு போகட்டும், மானம் போகட்டும். மகள் இங்கேயே இருப்பாள், சாயங்காலம் வீடு திரும்புவாள், சோறு ஆறிப்போச்சு என்று சண்டை போடுவாள்.

வினோவுக்கும் அது தெரியும். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், திங்கட்கிழமை வேலை. ஆனால் அவள் கண் அந்தத் துண்டுமேல் இருந்தது. ஓரத்தில் பென்சிலால் வேறு வேறு கையெழுத்து. ஒன்று கோணல், ஒன்று குண்டு. 'இதெ மறுபடி படி' என்று ஒருத்தி அடுத்து வாங்கப் போகிறவளுக்கு எழுதியிருந்தாள்.

"மத்தவங்க பாடம் எங்க?" என்று கேட்டாள் வினோ.

பெண்கள் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"எடுங்க சித்தி. எடுங்க அக்கா. பயப்படாதீங்க."

முதலில் கத்தரீனாள் எடுத்தாள். பிறகு கற்பகம். ஒவ்வொரு மடியாக, ஒவ்வொரு பால் கவராக, மேசைமேல் வந்து விழுந்தன. வினோ வரிசையாக அடுக்கினாள். வட்டம், முக்கோணம், வட்டி, நிகழ்தகவு. கடைசியில் அம்மா முன்னால் போய் நின்றாள். சுருளியம்மாள் முறைத்தாள். "வேணாண்டி, பேசாம இரு" என்று பல்லைக் கடித்தாள். வினோ கையை நீட்டியபடியே நின்றாள். சுருளியம்மாள் தன் துண்டையும் எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

"ஒரு பக்கம் குறையுதான்னு பாருங்க மேடம்."

மேடம் புரட்டினார். ஒரு பக்கமும் குறையவில்லை. கொழுந்துக் கறை இருந்தது, ஓரிடத்தில் அட்டைப் பூச்சி நசுங்கிய ரத்தம்கூட இருந்தது. கிழிசல் இல்லை.

"வினோ" என்று ஜோஜோ எச்சரித்தான்.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. "நான் செஞ்ச படம் நல்லாருக்கு மேடம். எனக்கே தெரியும். ஆனா வாரத்துல ஒரு நாள், இங்க வந்து, கரண்டு இருந்தாத்தான் பாக்க முடியும். இது நாள் பூரா இவங்க இடுப்புல இருந்திருக்கு. ஒரு புத்தகத்தப் பதினோரு பேர் ஒரே நேரத்துல படிச்சிருக்காங்க. லேப்டாப்ப அப்படிப் பிரிச்சு மடியில வச்சுக்க முடியாது." லேப்டாப்பை மூடி வைத்தாள். "ஆளுக்கொரு புத்தகம் குடுங்க. கிழிக்க மாட்டாங்க."

மேடம் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார். "உன் வேலை போகும், அறியுமா?"

"தெரியும் மேடம்."

"சரி. மறுபடி கேக்கறேன். இந்தத் தடவை ஆரும் சொல்லிக் கொடுக்காம தூக்கணும். புத்தகம் ஆருக்கு வேணும்?"

பத்துப் பேரும் சுருளியம்மாளைப் பார்த்தார்கள். அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். கத்தரீனாள் எழுந்தாள். "மன்னிச்சிரு சுருளி. எனக்குப் பாஸாகணும்" என்று கையைத் தூக்கினாள். செல்லாத்தாள் தூக்கினாள். கற்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டே தூக்கினாள். பத்துக் கைகள் ஆயின. பதினோராவது எழும்பவே இல்லை.

"பத்து போதும்" என்றார் மேடம். துண்டுகளையெல்லாம் சேர்த்து நூல் போட்டுக் கட்டினார். "இதை நான் கொண்டு போறேன். மேலதிகாரி மேசையில வச்சாத்தான் பதினோரு புத்தகத்துக்குக் கையெழுத்து விழும். புதன்கிழமை புதுப் புத்தகத்தோட வர்றேன்."

வாசலில் பெண்கள் வினோவைச் சூழ்ந்துகொண்டு கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். புத்தகம் வரப்போகிற சந்தோஷத்தில் செல்லாத்தாள் மழையென்றும் பார்க்காமல் ஜீப்புக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினாள். சுருளியம்மாள் மட்டும் குடையை விரித்து, யாரோடும் பேசாமல், விறுவிறுவென்று லயத்துக்கு நடந்தாள்.

வீட்டில் அன்று சாயங்காலம் பாத்திரங்கள் பேசின. சட்டி டங்கென்றது, மூடி தரையில் சுழன்றது. மாரீஸ்வரன் ஒருமுறை, "ஏ புள்ள, புள்ள நியாயத்தத்தான..." என்று ஆரம்பித்தார். "நீங்க இடுக்கியத் தேடுங்க, போங்க" என்று ஒரு பதில் வந்தது. ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருந்தும் அவர் கிளம்பிவிட்டார்.

வினோ அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எல்லாரையும் கை தூக்கச் சொன்னது நீதான?"

"ஆமா. எதுக்குச் சொன்னேன்னு கேக்க மாட்டியா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா எந்திரிச்சு நின்ன?" சுருளியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் இன்னொரு தடவ தோத்திருந்தா என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? நீ திருப்பூருக்குப் போயிருவ. அப்புறம் நான் பத்து பாஸாகி யாருகிட்டடி காட்டப் போறேன்?"

அழுதாள். மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. வினோவும் அழுதாள்.

"நான் இப்பப் போகலம்மா" என்றாள் வினோ. "வரும்போதே அப்பா போன வாங்கி, கோயில் வளைவுல நின்னு திருப்பூருக்குச் சொல்லிட்டேன். ஒன் பரீட்சை முடியட்டும், அது வரைக்கும் இங்கதான். தெனமும் ஒனக்கு நாந்தான் கணக்குச் சொல்லித் தரப் போறேன். சித்தி, அக்கா எல்லாரும் இங்கயே வரட்டும். இன்னைக்கே ஆரம்பிக்கலாம்னு வரச் சொல்லிட்டேன்."

"புத்தகத்தத்தான் மேடம் தூக்கிட்டுப் போயிட்டாகளே."

"புதன்கிழம வரைக்கும் புத்தகம் எதுக்கு? இன்னைக்கு இருபத்தஞ்சு கிலோன்னு நீதான சொன்ன? சரியான விடைம்மா. ஒருத்தரும் கவனிக்கல, நான் கவனிச்சேன்."

சுருளியம்மாளின் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நெசமாவே சரியா?"

"நெசமா."

வினோ பழைய காலண்டர் தாள் ஒன்றை எடுத்து அதன் பின்பக்கம் தராசு வரைந்தாள். சுருளியம்மாள் பென்சிலை வாங்கிக்கொண்டாள். சாக்கு வரைந்தாள், எடைக்கல் வரைந்தாள், ஒரு கணக்கு முடித்தாள், இன்னொன்று கேட்டாள். வேகம் பிடித்துவிட்டது. வெளியே கற்பகத்தின் குரலும் கத்தரீனாளின் குரலும் கேட்டன. வந்துகொண்டிருந்தார்கள்.

திடீரென்று சுருளியம்மாள் பென்சிலை நிறுத்தினாள். போன தடவை பரீட்சைத் தேதியைத் தள்ளி வைத்தபோது, எப்போதுதான் முடிப்பீர்கள் என்று மேடத்தோடு சண்டைக்கே போனவள் அவள்.

"ஏண்டி வினோ, இந்தப் பரீட்சைய இன்னும் ரெண்டு மாசம் தள்ளி வைக்கச் சொல்லி மேடத்துக்கிட்டக் கேட்டா என்ன?"

வினோ சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள். சுருளியம்மாள் சிரிக்கவில்லை, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.